ராஜகுமாரின் தோள் நேரான நாள்

முத்துநாயகம் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பத்தொன்பது வருஷம் பந்து பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே கவனித்தார். ஒருவர் நிற்கிற நிலையைப் பார்த்தே, மட்டையைத் தூக்குமுன் பந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுவார். கடைசி நாலு வருஷம் பயிற்சியாளரே அவரைத் தனக்கு உதவியாளாக வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் ராஜகுமார் ஆட்டம் சொல்லித்தரக் கூப்பிட்டார். குவாரி முதலாளி. சிதறால் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டி, தனக்கென்று ஒரு பயிற்சித் திடல் போட்டிருந்தார். அடிக்கிற பந்தெல்லாம் இலக்காக நட்டிருந்த கொடிக்கு வலப்பக்கம் மரங்களுக்குள் போய் விழுந்தது.

"மொதலாளி, நீங்க ஒடம்ப கொடியப் பாத்து நிறுத்துகிய. ரெயில் தண்டவாளத்த நெனச்சுக்கிடுங்க. ஒரு கம்பியில பந்தும் கொடியும். மத்த கம்பியில ஒங்க காலு, இடுப்பு, தோளு."

தரையில் இரண்டு கம்புகளை இணையாகப் போட்டும் காட்டினார். ராஜகுமார் அவற்றை மட்டையால் தள்ளிவிட்டார். "பந்து பொறுக்குனவன் எனக்கு நிக்கச் சொல்லித் தாறியா?"

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு மாலை நாகர்கோவிலிலிருந்து நண்பர்கள் வந்திருந்தார்கள். தொடர்ந்து ஐந்து பந்து மரங்களுக்குள் போனது. குமாரதாஸ் என்பவர் சிரித்துக்கொண்டே, "கோச்சு என்னவே சொல்லுகாரு?" என்றார்.

முத்துநாயகத்துக்கு வாய் நிற்கவில்லை. "தோளு மரத்தப் பாத்துல்லா நிக்குது, சார்."

சிரிப்பு பலத்தது. ராஜகுமாரின் முகம் கறுத்தது.

"ஏலே, நீ போய் கொடிக்கிட்ட நில்லு. ஆளு நின்னா எனக்கு நேரு தெரியும்."

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. முத்துநாயகம் எண்பதடி நடந்துபோய் நின்றார்.

முதல் பந்து வலப்பக்கம் போனது. இரண்டாவதும் அப்படியே. நண்பர்கள் விசிலடித்தார்கள். மூன்றாவதுக்கு ராஜகுமார் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இடது காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். இடுப்பு திரும்பியது, தோளும் கூடவே வந்து நேரானது.

"அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்று முத்துநாயகம் தன்னை மறந்து சொன்னார்.

பந்து தாழப் பறந்து வந்தது. எதிர்வெயிலில் அவருக்கு அது தெரியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தபோது, "நேரா போச்சுவே!" என்ற கூச்சலும் கைதட்டலும்தான் முதலில் கேட்டன. ஆள் வந்தது பிறகு.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

"மட்டைய ஓங்குகான், விலகப்பிடாதா?" என்று மனைவி லீலாபாய் அழுதாள்.

"மூணு மாசத்துல அன்னைக்குத்தான் ஒழுங்கா நின்னாரு. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

நாலாம் நாள் ராஜகுமார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உட்காரவில்லை.

"பந்து பொறுக்கப் போன எடத்துல பட்டுட்டுன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லு. இனி வேலைக்கு வரண்டாம். ஒத்தக் கண்ண வச்சு நேரு எப்பிடி பாப்ப?"

முத்துநாயகம் தலையசைத்தார். வாசல்வரை போன ராஜகுமார் திரும்பினார்.

"தோளு செரியாயிட்டு. ஆனா பந்து தாழல்லா போவுது. எதுனால?"

லீலாபாய் கணவனையே பார்த்தாள்.

"பந்து வலது காலுக்கிட்ட கிடக்கு, மொதலாளி. கொஞ்சம் எடது பக்கமா தள்ளி வையுங்க."

ராஜகுமார் மட்டை பிடிப்பதுபோல் கைகளைக் கோத்து, காற்றில் ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் லீலாபாய் கணவனோடு பேசவில்லை.