அஸ்காவுக்கு ஐந்தாம் நம்பர்

அவிநாசி தேர் வீதியில் பாலுசாமியின் மளிகைக் கடைக்குப் போகிறவர்கள் பாலுசாமியைத் தேட மாட்டார்கள். வாசலுக்கு நேரே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சுப்பாத்தாளைத்தான் தேடுவார்கள். பதினேழு வருடமாக அந்தக் கடையில் பில் எழுதுகிறவள் அவள். பத்தாவது வரை படிப்பு. சேவூரிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். எந்தச் சாமானுக்கு எவ்வளவு விற்பனை வரி, எதற்கு வரியே கிடையாது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறும். அவளும் மனசுக்குள் மாற்றிக்கொள்வாள். அந்த மேசையும் கைப்பிடி வைத்த மர நாற்காலியும் அவளுக்குப் பெருமை. யார் வீட்டில் சீர், யார் வீட்டில் காதுகுத்து என்பது மளிகைச் சீட்டோடு சேர்ந்து முதலில் அவளிடம்தான் வரும்.

தொண்ணூற்றாறாம் வருடம் தை மாதம் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. திருப்பூரில் ஒரு கடையில் அதைப் பார்த்த நாளிலிருந்தே பாலுசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மணி, உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் இதுக்குச் சொல்லிக் குடுத்துப்போடுங்க," என்றார் அவர். "மாசி ஒண்ணாந்தேதியிலிருந்து பில்ல நானே அடிச்சுக்கறேன். நீங்க மேல பாக்கெட் போடற எடத்தப் பாத்துக்கங்க. சம்பளத்துல ஒண்ணும் கொறையாதுங்க."

"ஆகட்டுங்க," என்றாள் சுப்பாத்தாள். சம்பளம் குறையாது என்பதை ஏதோ தானம் கொடுப்பதுபோல் அவர் சொன்னதுதான் சுருக்கென்றது. பதினேழு வருடம் ஊரோடு பேசியவள் மாடியில் மிளகாய் மூட்டையோடா பேசுவாள்?

மறுநாள் சென்னையிலிருந்து ரசாக் என்ற புரோகிராமர் வந்தார். தங்கமான மனிதர், ஆனால் மேடம் மேடம் என்று கூப்பிட்டு அவளைக் கூச வைத்தார். கடைச் சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நம்பர் கொடுக்க வேண்டும் என்றார். வரி இல்லாததற்கு சைபர். பிறகு ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். எந்த வகையிலும் சேராததற்கு ஐந்து; அதற்குத்தான் வரி அதிகம். நம்பரைத் தட்டிவிட்டால் மிச்சத்தை மெசினே பார்த்துக்கொள்ளும்.

"எதுக்கு எவ்வளவுன்னு நான் சொல்றனுங்க," என்றாள்.

"வேணாம் மேடம். கவர்மென்ட் லிஸ்ட் என்கிட்ட இருக்கு. நீங்க பேரை மட்டும் படிங்க, நான் பாத்துப் போட்டுக்கறேன்."

பேரை மட்டும் படித்தாள். எண்ணூறு பெயர்கள், இரண்டு நாள். நடுவில் ஓரிடத்தில் "அஸ்கா" என்றாள்.

"அஸ்கான்னா?"

"அஸ்காதானுங்க."

அஸ்கா தெரியாத ஒரு மனிதர் உலகத்தில் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து நாற்பது பெயருக்கு விளக்கம் கேட்டுவிட்ட ரசாக்குக்கு மறுபடி கேட்க வெட்கம். ஐந்தைத் தட்டினார். அடுத்து "சக்கரை" என்றாள். அது சென்னைக்காரருக்குத் தெரிந்த சொல்லாயிற்றே! கேள்வியே கேட்காமல் சைபர் போட்டார். டீயில் போடுகிற வெள்ளைச் சீனிக்குத்தான் இங்கே அஸ்கா என்று பெயர், சக்கரை என்றால் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பழுப்பு நாட்டுச் சக்கரை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரி இல்லாத வெள்ளைச் சீனிக்கு அதிகபட்ச வரி. வரி உள்ள நாட்டுச் சக்கரைக்கு ஒன்றும் இல்லை. ரசாக் நல்ல காபி குடித்துவிட்டுச் சந்தோஷமாகச் சென்னைக்கு ரயிலேறினார்.

பாலுசாமி சுழல் நாற்காலி வாங்கிப் போட்டு மெசின் முன்னால் உட்கார்ந்தார். மர நாற்காலி சுவரோரம் போயிற்று. மாசி பிறக்கும் வரை சுப்பாத்தாள் பக்கத்தில் நின்று பில்களைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாளே பார்த்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் மாசாணம் வழக்கம்போல் பத்துக் கிலோ அஸ்கா வாங்கினான். பில்லில் வரிக்கென்று தனியாக ஓர் இடம்; அதில் இருக்கக்கூடாத ஒரு தொகை. எழுத்தெல்லாம் ஆங்கிலம். மாசாணம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

சுப்பாத்தாள் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? நாலு பேர் வந்து சண்டை பிடிக்கட்டும், வரி ஆபீஸிலிருந்து ஆள் வரட்டும். மெசின் மூட்டை கட்டிக்கொண்டு போகும், நாற்காலி பழையபடி மேசைக்கு வரும். இரண்டு நாள் அப்படியே விட்டாள். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

மூன்றாம் நாள் மாசாணம் மறுபடி வந்தான். மெசினைத் தாண்டி அவளிடம் வந்து நின்றான்.

"ஏனுங்கக்கா, அஸ்கா வெல ஏறிப்போச்சுங்களா? டீக்குக் கால் ரூவா ஏத்தலாம்னு இருக்கறனுங்க. நீங்க சொன்னீங்கன்னா போர்டுல எழுதிப்போடுவேன்."

அவள் சொன்னால் எழுதுவானாம். சுப்பாத்தாளுக்கு முகம் சூடேறியது.

"வெல ஏறலீங்க மாசாணம். மெசினுக்கு அஸ்கான்னா என்னன்னு தெரியல. தப்பா வரி போடுது."

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். பாலுசாமியின் காது சிவந்தது. "கம்ப்யூட்டராவது தப்புப் பண்றதாவது" என்று ஆரம்பித்தவர், அவள் பில்லை விரித்துக் காட்டியதும் அடங்கிவிட்டார். மாசாணத்திடம் கூடுதலாக வாங்கிய காசு திரும்பியது. சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டார்கள். பாலுசாமி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ரசாக் சொன்னதைச் சொல்ல, சுப்பாத்தாள் நின்றபடியே ஒற்றை விரலால் தட்டினாள். அஸ்காவுக்கு சைபர், சக்கரைக்கு ஒன்று. ஐந்து நிமிட வேலை.

மெசின் அதற்குப் பிறகு ஒரு தப்பும் பண்ணவில்லை. மாசி ஒன்றாம் தேதி அவள் மாடிக்குப் போனாள். மர நாற்காலியும் கூடவே ஏறியது. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று சில நாள் வருத்தம்தான். பிறகு கடலைப் பருப்பும் மிளகாயும் பாக்கெட்டாகிக்கொண்டே இருந்தன.

சித்திரையில் புது வரிப் பட்டியல் வந்தது. வியாபாரிகள் சங்கத்தில் கொடுத்த நாலு பக்க ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பாலுசாமி காலையிலிருந்து மெசினோடு மல்லுக்கட்டினார். பட்டியலில் இருந்த பெயர் ஒன்றும் கடையில் இல்லை. கடையில் இருந்த பெயர் ஒன்றும் பட்டியலில் இல்லை. மத்தியானம் தாளும் கையுமாக மாடிக்கு ஏறி வந்தார்.

"அம்மணி, கொஞ்சம் கீழ வந்து இந்த நம்பரையெல்லாம் மாத்திப்போட்டுப் போங்க. ரெண்டு நாள் வேலைதானுங்க."

சுப்பாத்தாள் கையிலிருந்த பாக்கெட்டை ஒட்டி முடித்தாள். எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூளைத் தட்டினாள்.

"வாரனுங்க. நாற்காலியும் கீழ வரோணுமுங்க."

"ரெண்டு நாளைக்கு எதுக்குங்க அம்மணி? சுத்தற சேர் இருக்குதுல்லீங்க."

"அடுத்த வருசமும் பட்ஜெட் வருமுங்கள்ள?"

பாலுசாமி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, மர நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.