சல்லடைக்காரர் போடாத பெயர்

எங்கள் தெருவில் ஒரு வதந்தி. இணையத்தை அடைப்பது அரசாங்கம் இல்லையாம், எதிர்க் கட்டடத்து மூன்றாவது மாடிச் சல்லடைக்காரராம். சலூனில் என் கழுத்தில் கத்தி இருந்தபோது சொன்னார்கள், அதனால் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்த கையோடு நேரிலேயே கேட்கப் படியேறினேன்.

கதவைத் திறந்தவர் பஸ் டிப்போவில் கணக்குப் பார்ப்பவர். "திட்டணுமா? உக்காந்தே திட்டுங்க சார்" என்று நாற்காலியில் கிடந்த துவைத்த சட்டைகளை அள்ளினார்.

"அடைக்கறது நீங்கதானா?"

"நான் இல்ல. நான் எழுதின சல்லடை."

தங்கை பிள்ளைகள் படம் பார்க்கையில் சூதாட்ட விளம்பரம் குறுக்கே குதிக்கிறதென்று, அதைச் சலித்துத் தள்ள ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் சல்லடை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஊருக்கே திறந்து வைத்தார். 'யாரும்' என்றால் அரசாங்கமும்தானே. எடுத்துக்கொண்டது. சலிக்க வேண்டிய பட்டியலில் விளம்பரங்களை எடுத்துவிட்டுத் தனக்குப் பிடிக்காத தளங்களைப் போட்டது.

"எதற்கும்னு ஏன் எழுதினீங்க?"

"மென்பொருள் எழுதி இலவசமா குடுக்கற எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம் சார்."

உள்ளே தையல் மெஷின் நின்றது. "என் கதையையும் சொல்லுண்ணா" என்றார் தங்கை. கைக்குழந்தைச் சட்டை தைத்து இணையத்தில் விற்கிறவர். வீட்டு வாடகையில் பாதி அதிலிருந்துதான். ஒரே கட்டடத்தில் யாரோ வாய் திறந்ததற்குக் கட்டடத்துக்கே பூட்டுப் போடுவது போல, இவர் கடைத் தளம் இருந்த அதே கணினியில் இன்னொரு தளம் வைத்திருந்த எவனோ அரசாங்கத்தைத் திட்ட, இவர் கடையும் அடைபட்டது. கைக்குழந்தைச் சட்டையில் என்ன அரசியல்? அதற்குக் காலர்கூடக் கிடையாது.

"மனு போட்டோம். காரணம் ரகசியமாம். ஏன் ரகசியம்னு கேட்டேன், அதுவும் ரகசியமாம்" என்றார் தங்கை. "வாங்க வந்தவங்க நான்தான் ஏதோ தப்பு பண்ணின மாதிரி பாக்கறாங்க."

"தப்பு என் சல்லடையில" என்றார் அண்ணன். "ஒருத்தன மட்டும் சலிக்கத் தெரியாம மொத்தத்தையும் தள்ளுது. எங்க தப்புன்னு எனக்குப் பிடிபடல. கடைசியில தளங்களை அடைக்கற அரசாங்க ஆபீஸ் இன்ஜினியர் ஒருத்தரே கண்டுபிடிச்சு, திருத்தி, தன் சொந்த மெயில்ல அனுப்பினார்."

"அப்புறமென்ன, கடை திறந்தாச்சே!"

"திருத்தத்தை அவங்க மேலிடம் போட விடல சார். அதான் எனக்கு அனுப்பியிருக்கார். நான் என்கிட்ட இருக்கறதுல சேத்துட்டேன். அவங்க ஓட்டறது பழசு."

தங்கை கைபேசியில் தன் கடையைத் தட்டினார். 'சட்டப்படி தடை செய்யப்பட்டது.' மெஷினில் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காத சட்டைக்கு நூல் கோர்த்தார்.

திருத்தம் தந்தவர் பெயரை, மென்பொருளோடு ஊரே பார்க்கும் நன்றிப் பக்கத்தில் போடுவது இவர்கள் வழக்கம். சம்பளமில்லாத வேலைக்கு அதுதான் கூலி. போட்டால் அந்த இன்ஜினியரின் வேலை போய்விடும்.

"போடச் சொன்னாரா?"

"சொல்லல. ஆனா மெயிலுக்குக் கீழ பேரை முழுசா, இனிஷியலோட எழுதியிருக்கார் சார்."

பக்கத்தைத் திறந்து காட்டினார். பழைய பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரியில் 'நன்றி' மட்டும் இருந்தது. யாருக்கென்று இன்னும் எழுதவில்லை.