மாடி அறையும் மினி வேனும்

தியாகதுருகம் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் ராஜாம்பாளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் ஒரு குரல் கொடுத்தால் தெருவே வரப்பில் வந்து நிற்கும். எல்லாப் பெண்களும் ஒரே மினி வேனில் நெருக்கியடித்துப் போவார்கள், ஒரே சொம்பில் வாய் வைத்துக் கூழ் குடிப்பார்கள். எவளாவது தூக்கிக் குடித்துவிட்டால் போச்சு. "மகாராணி வந்துட்டாங்கடி!" என்று கேலியைத் தொடங்கி வைப்பதே ராஜாம்பாள்தான்.

அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதென்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாளெல்லாம் வெயிலில் குனிந்து நிமிர்கிற உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டாள். கொரோனாவும் ஃபேனுக்கடியில் உட்காருகிறவர்களுக்கு வருவது என்று அடித்துப் பேசினாள். அதற்கேற்ற மாதிரி நிலத்துக்காரர் தங்கதுரைக்குத்தான் முதலில் வந்தது. மாடி அறையில் தனியாகப் படுத்து, வேளாவேளைக்கு மாத்திரை போட்டு, அவர் சீக்கிரமே எழுந்துவிட்டார்.

பிறகு ராஜாம்பாளுக்கு வந்தது. வேலை போய்விடுமென்று காய்ச்சலை மறைத்தாள். ஒருநாள் குழம்பில் வாசனையே இல்லையென்று கருவாட்டுக்காரியோடு சண்டைக்குப் போனாள். தெருமுனை வரை மணந்துகொண்டிருந்த குழம்பு அது! திட்டத் திட்ட மூச்சு வாங்கி, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். புருஷன் சடையன் பதறிப்போய் ஆம்புலன்சுக்குச் சொன்னான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கொஞ்சம் தெளிந்ததும், நர்ஸ் கோகிலவாணியிடம் நியாயம் கேட்டாள். "எங்க மொதலாளிக்கு வந்ததும் இதே சீக்குதான? எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ ஜாஸ்தி?"

"சக்கரைக்கு நீங்க மாத்திரையே போடல. வண்டில நெருக்கிக்கினு போறீங்க, வூட்லயும் எல்லாரும் ஒரே ரூம்ல படுக்கறீங்க. மூச்சு முட்டுனப்புறம்தான் இங்க வர்றீங்க. அவருக்கு இதுல எதுனா உண்டா?"

ராஜாம்பாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் பிழைத்து வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நடவுக்குத் தங்கதுரையின் வேன் வந்தபோது, பாதிப் பேரை மட்டும் ஏற்றிவிட்டு, கீழே நின்றபடி கதவைச் சாத்தினாள். அவளைப் போலவே சர்க்கரை உள்ள கமலாவும் மீதிப் பேரோடு கீழே நின்றாள். டிரைவர் சொல்லி, உடனே தங்கதுரையின் போன் வந்தது.

"ரெண்டு நடையா? டீசலுக்கு எங்க போறது ராஜாம்பா? ஒரே நடைல வா, இல்லனா வேற ஆள் பாத்துக்கறேன்."

தெருவின் சோறே அந்த நடவில்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "உங்களுக்கு மாடி ரூம் இருந்துச்சிங்க மொதலாளி. எங்களுக்கு இந்த ரெண்டாவது நடைதாங்க மாடி ரூம்."

"சரி, சீக்கிரம் அனுப்பு" என்றார் தங்கதுரை.

வேன் திரும்பி வந்தது. கமலா தன் சொம்பைத் தனியாக இடுக்கிக்கொண்டு கூச்சத்தோடு ஏறினாள்.

"மகாராணி வந்துட்டாங்கடி!" என்று கத்திய ராஜாம்பாள், தன் சொம்பையும் தூக்கிக் காட்டினாள்.