மெஷின் அக்கா

துணிக்கடையில் அவளுக்கு மெஷின் அக்கா என்று பெயர். வேகமாக பில் போடுகிறவள் என்பதால் வந்த பெயர் இல்லை. ஒரு பொய்யால் வந்த பெயர்.

பில் கவுண்ட்டரில் நிற்கிறவர் கார்டை நீட்டுவார். மெஷின் சில சமயம் கீச்சென்று கத்திவிட்டு, பணம் போகாது என்று காட்டும். பக்கத்து கவுண்ட்டர் பெண்ணாக இருந்தால் "சார், உங்க கார்டுல பணம் இல்ல" என்று வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவாள். இவளுக்கு அது வராது. பெண்டாட்டி பிள்ளைகளோடு நிற்கிறவன் மானத்தை வாங்கி நமக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பாள். மெஷினை இரண்டு தட்டு தட்டுவாள். "இந்த மெஷின் சரியில்லைங்க, காலையிலேர்ந்து படுத்துது. வேற கார்டு இருந்தா குடுங்க. இல்லேன்னா துணிய எடுத்து வைக்கிறேன், அப்புறமா வாங்க." வந்தவருக்கும் விஷயம் புரிந்துவிடும். "இப்ப வர்ற மெஷினே இப்படித்தாம்மா" என்று ஒத்து ஊதிவிட்டுப் போவார். பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலது கண் முழுக்கப் புகை, இடது கண் பாதி. விலைச்சீட்டை மூக்கில் உரசிப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். போன மாதம் ஒரு சட்டைக்கு சைபர் ஒன்றைக் கூடுதலாக அடித்துவிட்டாள். வாங்கியவர் கடையையே இரண்டாக்கிவிட்டார். சூப்பர்வைசர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. "இந்த மாசத்துக்குள்ள கண்ணைப் பாத்துக்கங்கக்கா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைக் கவுண்ட்டர்ல வெக்க முடியாது" என்றார். கவுண்ட்டர் போனால் சம்பளம் பாதியாகிவிடும்.

அவள் கலங்கவில்லை. "ஆபரேஷனுக்குன்னு கார்டுல வெச்சிருக்கேனே" என்றாள்.

அந்த 'வெச்சிருக்கேன்' இருக்கிறதே, அதுதான் வினை. என்னமோ அரிசிப் பானைக்கு அடியில் முடிந்து வைத்த மாதிரி சொன்னாள். கார்டில் இருந்தது அவள் காசா? கடன் தருகிறேன் என்று பேங்க்காரன் சொன்ன வாக்கு, அவ்வளவுதான். அவன் லிமிட்டை ஏற்றியபோதெல்லாம் சம்பளம் ஏறியதுபோல் கடையில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அவள் இருப்பது தம்பி குடும்பத்தோடு. தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். முன்பு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க அவள் கார்டு நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டான். "மாசாமாசம் நானே கட்டிடறேன்க்கா, நீ கவலைப்படாதே" என்றான். அதற்குப் பிறகு மாதா மாதம் வீட்டில் ஒரே பேச்சுதான்.

"கார்டுக்குக் கட்டிட்டியாடா?"

"கட்டிட்டேன்க்கா."

அவன் பொய் சொல்லவில்லை. கட்டத்தான் செய்தான், மினிமம் மட்டும். பேங்கிலிருந்து வரும் மெசேஜில் மேலே மொத்த பாக்கி இருக்கும், கீழே மினிமம் என்று ஒரு குட்டித் தொகை இருக்கும். குட்டியைக் கட்டினால் அபராதம் கிடையாது, போன் போட்டு யாரும் கத்த மாட்டார்கள், நன்றி என்றுகூட அனுப்புவார்கள். மிச்சத்தின் மேல் வட்டி சத்தம் போடாமல் ஏறும். தம்பி நன்றியை மட்டும் படித்தான். அவள் கண்ணுக்கு அதுவும் தெரியவில்லை.

ஃப்ரிட்ஜுக்கு அப்புறம் வேனுக்கு டயர் வந்தது. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், வேலை படுத்துக்கொண்ட மாதங்களில் மளிகை. ஒன்றுகூட ஊதாரிச் செலவு இல்லை, அதனால்தான் யாருக்கும் உறுத்தவில்லை. அவன் குடித்து அழித்திருந்தால் வீட்டில் சண்டையாவது வந்திருக்கும், விஷயம் எப்போதோ வெளியே வந்திருக்கும்.

கண் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் "அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் ரொக்கமாக் கட்டிட்டு..." என்று இழுத்தான்.

"எதுக்குடா? அதான் கார்டு இருக்கே."

கவுண்ட்டர் பெண் கார்டைச் செருகினாள். கீச்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? கண்தானே போனது, காது நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். மெஷினை இரண்டு தட்டு தட்டினாள்.

"இந்த மெஷின் சரியில்லைம்மா. வேற கார்டு இருக்கா?"

பின்னால் நின்ற ஒருவர் உச்சுக் கொட்டினார். ஆமாம்மா, மெஷினே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். எத்தனை பேர் அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள்! வாய் வரைக்கும் வந்துவிட்டது. தம்பியும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "மெஷின்தான்க்கா. வா, நாளைக்கு வரலாம்."

அவள் நகரவில்லை. பையிலிருந்து போனை எடுத்துக் கவுண்ட்டருக்குள் நீட்டினாள்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. பேங்க்லேர்ந்து கடைசியா வந்த மெசேஜை எடுத்துப் படி. எனக்குக் கண்ணு தெரியல."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திப் படிக்க ஆரம்பித்தாள்.

"சத்தமாப் படிம்மா."

படித்தாள். அந்தப் பாக்கிக்கு இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்து, மேலே கண்ணாடியும் வாங்கியிருக்கலாம். அந்தப் பெண் இரக்கப்பட்டு "கீழ மினிமம்னு சின்னதா ஒண்ணு போட்டிருக்கும்மா..." என்றாள்.

"அது வேண்டாம். மேல இருக்கறதையே இன்னொரு தடவை படி. இவன் காதுல விழணும்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மாசம் தவறாமக் கட்டினேன்க்கா" என்றான்.

"தெரியும்டா. நானும் மாசம் தவறாமக் கேட்டேன். நீ எவ்வளவு கட்டினேன்னு ஒரு தடவையாவது கேட்டேனா?"

கார்டை அன்றைக்கே வெட்டிப் போட்டார்கள். வேனை அவன் இரவிலும் ஓட்டுகிறான். மினிமத்துக்கு மேல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டுகிறார்கள், கட்டிவிட்டு மொத்த பாக்கியை அவன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அது இறங்குகிற வேகத்தைக் கேட்டால் அழுகை வரும். கண் காத்திருக்கிறது.

மாதம் முடிந்ததும் அவளைத் துணி போட்டுப் பார்க்கும் அறையின் வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகிறவர்களின் துணியைத் தடவி எண்ணி டோக்கன் கொடுக்க வேண்டும். சம்பளம் பாதி. அங்கே நின்றால் கவுண்ட்டரின் கீச் நன்றாகக் கேட்கும். "சார், உங்க கார்டுல பணம் இல்ல" என்று அந்தப் பக்கத்து கவுண்ட்டர் பெண் கத்துவதும் கேட்கும். முன்பெல்லாம் அந்தப் பெண்மேல் கோபம் வரும். இப்போது வருவதில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். அவ்வளவு தூரத்தில் அவளுக்கு முகம் தெரிவதில்லை.