காய்ந்த மனிதனைத் தூக்கிய நாள்

ஜெனோவா, பிரிட்டோ, போன வாரம் போனில் "எப்பா, நெசமாவே குகைக்குள்ள கெடந்த பொணத்தத் தூக்குனீங்களா?" என்று ரெண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போனில் சொன்னால் பாதி உங்களுக்குக் கேட்காது, பாதி எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் ஜெனோவா திருத்திப் படித்துக்கொள்ளட்டும்.

மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா

இந்த அரபு ஊர் ஆஸ்பத்திரியில் என் வேலைக்குப் போர்ட்டர் என்று பெயர். நோயாளியைக் கட்டிலிலிருந்து டிராலிக்கு மாற்ற வேண்டும், டிராலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அங்கே எக்ஸ்ரே மேசைக்கோ சி.டி. மேசைக்கோ மறுபடி மாற்ற வேண்டும். தூக்குவதும் இறக்குவதும்தான் வேலை. கேட்க லேசாக இருக்கும்.

முதல் நாள் எனக்கு ஜோடி குல் கான். பெஷாவர் பக்கத்துப் பட்டாணியன், கதவு உயரம். ஒரு வயதான அரபிப் பெரியவரை டிராலிக்கு மாற்றினோம். "ஏக், தோ, தீன்" என்று அவன் எண்ணினான். அவன் தீன் சொல்லும்போதே நான் தூக்கிவிட்டேன். அவன் தீன் சொல்லி முடித்து, மூச்சு இழுத்து, அப்புறம் தூக்குகிறவன். பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "கலாஸ், கலாஸ்! போதும், நானே நடந்து போறேன்" என்று அரபியில் கத்தினார். கால் உடைந்து வந்தவர் அவர்.

அன்றைக்கே பாடம் தெரிந்துவிட்டது. இங்கே நேபாளி ஒரு மாதிரி எண்ணுவான், பிலிப்பைன்ஸ்காரர்கள் "ஒன், டூ, த்ரீ, கோ" என்பார்கள், நம் ஆட்கள் எண்ணாமலே "ம்" என்று தூக்கிவிடுவார்கள். அதனால் தொடுவதற்கு முன்னால் "மூணுலயா, மூணுக்கு அப்புறமா?" என்று கேட்டுக்கொள்வோம். எண்ணுகிறவர் எப்போதும் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். மற்றவர்களுக்கு அவர் குரல்தான் எல்லாம்.

எனக்கு இடது காது கேட்காது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி மூச்சுக்குக் கம்ப்ரசர் டியூபைக் கடித்துக்கொண்டு சங்கு குளிக்கப் போன காலத்தில் போனது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோயாளியின் இடது பக்கம் நின்றுகொண்டால் தலைமாட்டுக் குரல் என் வலது காதுக்கு வரும். மிச்சத்துக்கு உதட்டைப் பார்த்துக்கொள்வேன். அப்படியே ஓட்டினேன்.

வாக்கிடாக்கியில்தான் மாட்டிக்கொண்டேன். கூட்ட இரைச்சலில் அது கூப்பிடுவது எனக்குக் கேட்காது. எங்கள் இன்சார்ஜ் சஜி சார், கொல்லத்து மலையாளி. எமர்ஜென்சியிலிருந்து கூப்பிட்டு நான் பதில் பேசவில்லை என்று என் மேல் இரண்டு கம்ப்ளெயின்ட் எழுதியிருந்தார்.

"ராயப்பா, எத்தர தடவ விளிச்சு! நினக்கு செவி கேக்கில்லியோ, அதோ திமிரோ?"

"சாரி சார்."

"இனி ஒண்ணு வந்தா, கான்ட்ராக்ட் புதுக்கறதுக்கு நான் ஒப்பு போடமாட்டேன். பறஞ்சிட்டேன்."

ஜெனோவா நர்சிங் சேர்ந்த வருஷம் அது. கான்ட்ராக்ட் முடிய கொஞ்ச நாளே இருந்தது.

பெட்டி

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது. ஓபி இல்லாத விடுமுறை நாள் காலை. மியூசியத்திலிருந்து ஒரு நீளமான மரப்பெட்டி, கூடவே அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர், பொறுப்பாக ஷம்மா மேடம். இந்த ஊர்க்காரப் பெண், சின்ன வயசு. வீட்டு டிரைவரிடம் பழகிய இந்தி, எங்களை விட நன்றாகப் பேசினார்.

மலையில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு குகை. அதற்குள் உப்பு மண்ணில் கிடந்த ஆள் என்றார். யாரும் மருந்து போட்டுப் பாடம் பண்ணியதில்லை. உப்பும் வறண்ட காற்றும் தானாகவே காய வைத்துவிட்டன. எவ்வளவு பழசு என்று கேட்டேன்.

"இரும்பும் செம்பும் யாருக்கும் தெரியாத காலம். கல்லும் எலும்பும் கிளிஞ்சலும்தான் ஆயுதம்."

மூடியைத் திறந்தார்கள். மூக்கைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். நாற்றமே இல்லை. மண் வாசனை, லேசாக உப்பு வாசனை. ஆள் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக் கிடந்தான். முதுகிலும் கையிலும் தோல் இருந்தது, பழைய செருப்புத் தோல் மாதிரி. விரலில் நகம் இருந்தது. காது மடல்கூட இருந்தது. இடுப்பைச் சுற்றி முறுக்கின கயிறு ஒன்று, விரல் தடிமன்.

"எங்க ஊர்ல மீனை இப்படித்தான் காயவைப்போம்" என்று குல் கானிடம் மெதுவாகத்தான் சொன்னேன். மேடத்துக்குக் கேட்டுவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரியாச் சொன்னீங்க பாய். உப்பு, காத்து, அவ்வளவுதான்" என்றார். பிறகு முகம் மாறியது. "ஆனா கருவாடு மாதிரியே ஒடியும். கழுத்து ஏற்கெனவே விரிசல். ஒரு பக்கம் முந்தித் தூக்கினா தலை தனியா வந்துடும். அப்புறம் இவர் சொல்ல வந்ததை யாரும் கேக்க முடியாது."

நான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். குல் கான் அவன் தொழுகை வார்த்தையை முணுமுணுத்தான். கிடந்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டானோ, தெரியாது.

கால்

பெட்டியை சி.டி. அறைக்குள் கொண்டுபோனதும் சிக்கல் வந்தது. நீளப் பெட்டி, அறைக்குள் திரும்பவில்லை. தலை வர வேண்டிய இடத்தில் கால் வந்து நின்றது. அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சி.டி. டெக்னீஷியன் ஜோசலின் சொல்லிவிட்டாள். அவள் பிலிப்பைன்ஸ்காரி, தலைமாட்டில் நின்று எண்ண வேண்டியவள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே மியூசியத்து ஆட்கள் இரண்டு பேர் ஒடுங்கி நின்றார்கள். பெட்டிப் பக்கம் குல் கானும் நானும். கிடந்தவனுக்கு அடியில் ஒரு பலகை. அந்தப் பலகையோடு தூக்கி மேசையில் வைக்க வேண்டும்.

இடத்தில் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன். ஜோசலின் எனக்கு இடது பக்கம் இருந்தாள். தூசி படக்கூடாதென்று எல்லோர் முகத்திலும் மாஸ்க். உதடு தெரியாது. மெஷின் வேறு இரைந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே சஜி சார் கை கட்டி நின்றார். மியூசியம் வேலை நன்றாக முடிய வேண்டும் என்று அவரும் வந்திருந்தார்.

ஜோசலின் ஏதோ சொன்னாள். "ரெடியா" என்று கேட்டிருப்பாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பக்கத்து ஆள் தோள் அசைவதைப் பார்த்துத் தூக்கலாம் என்று ஒரு கணக்கு. ஆனால் அதற்குள் ஒரு நொடி பிந்திவிடும். அந்த ஒரு நொடிக்குத்தான் மேடம் பயந்தார். கழுத்து விரிசல் என் பக்கம்தான் தெரிந்தது, தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"எனக்குக் கேட்காது" என்றேன் இந்தியில். "இடது காது கேட்காது. எண்ணுறது எனக்கு எட்டாது."

கண்ணாடிக்கு வெளியே சஜி சார் கையைக் கீழே விட்டார். கதவு திறந்திருந்ததால் அவருக்கும் கேட்டுவிட்டது. சரி, அஜ்மானில் தங்கியிருக்கும் ரூமுக்குப் போய் ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வாயைத் திறந்தவன் குல் கான்தான்.

"அரே ராயப்பா! இத்தனை வருஷம் உன் இடது காதுல நான் திட்டினது எல்லாம் வீணா?"

ஜோசலின் சிரித்துவிட்டாள். மாஸ்க்குக்கு மேலே மேடத்தின் கண்ணும் சிரித்தது.

"இடம் மாத்திக்கலாமா?" என்று மேடம் கேட்டார். மாற வழியில்லை. சுவர்ப் பக்கத்து ஆட்கள் வெளியே வர வேண்டுமென்றால் பெட்டியையே எடுக்க வேண்டும்.

"மேடம், கடலுக்குள்ள யாரும் எண்ண மாட்டாங்க" என்றேன். "மேல இருக்கவன் கயிறைச் சுண்டுவான். அது போதும். குல் கான் கால் என் கால் மேல இருக்கட்டும். தூக்குறப்ப அழுத்தட்டும்."

"என் செருப்பு சைஸ் தெரியுமா உனக்கு?" என்றான் குல் கான்.

"அழுத்துடா."

ஒரு வெறும் பலகையை வைத்து முதலில் பழகிப் பார்த்தோம். அப்புறம் இவனைப் பிடித்தோம். ஜோசலின் மாஸ்க் அசைந்தது. கால் அழுந்தியது. தூக்கினோம்.

கனமே இல்லை, பிள்ளைகளே. கனத்த நோயாளிகளையெல்லாம் தூக்கிப் பழகின கை, ஏமாந்துபோய் மேலே போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, மேசையில் வைத்தோம். பலகை மேசையைத் தொட்ட சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கறுப்புக் கோடு அப்படியே இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

திரையில்

எங்களைக் கண்ணாடி அறையில் நின்று பார்க்க விட்டார்கள். சஜி சார் என் வலது பக்கம் வந்து நின்றார்.

முதலில் பல். எல்லாம் தேய்ந்து தட்டையாக இருந்தது. சாப்பாட்டில் கிடந்த மணலே அரம் மாதிரி தேய்த்திருக்கிறது என்றார் மேடம். முன்பல்லில் மட்டும் குறுக்கே ஒரு பள்ளம். "நாரோ கயிறோ பல்லுல பிடிச்சு இழுத்து இழுத்து வந்தது. வலை பின்னியிருக்கலாம்." நானும் நைலான் நூலைப் பல்லால்தான் அறுப்பேன். நாக்கால் என் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

வயிற்றுப் பக்கம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். மீனின் காதுக்குள் இருக்கும் கல் என்றார். உங்களுக்குத் தெரியும். கத்தாளை மீன் தலையில் இரண்டு வெள்ளைக் கல் இருக்குமே, பிரிட்டோ தட்டு ஓரத்தில் எடுத்து வைப்பானே, அந்த மாதிரி, ஆனால் பொடிசு. அவன் கடைசியாகச் சாப்பிட்டது மீன். தலையையும் விடவில்லை.

இடுப்புக் கயிற்றைக் காட்டி, "முங்குறப்ப கட்டுனதா மேடம்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது பாய். துணியோ தோலோ கட்டுறதுக்கும் இருக்கலாம். தெரியாததைத் தெரியாதுன்னுதான் எழுதுவேன்."

அப்புறம் தலை. ஜோசலின் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட, மேடம் முன்னால் குனிந்தார். காதுக்குள் போகும் வழியில், இரண்டு பக்கமும், எலும்பு முண்டு முண்டாக வளர்ந்திருந்தது. நூல் போகிற அளவுக்குத்தான் வழி.

"குளிர்ந்த தண்ணியில வருஷக்கணக்கா தலையை முக்கி முக்கி எடுக்கிறவங்களுக்கு இப்படி வளரும். இவர் குளிர்காலத்துலயும் கடலுக்குள்ள இருந்திருக்கார்."

"அப்ப காது?" என்றேன்.

"ரொம்ப மந்தமா இருந்திருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இது சீக்கிரம் வளர்றதில்லை. காது அடைக்க ஆரம்பிச்ச பிறகும் இவர் முங்குறதை விடலை. விட்டிருந்தா இவ்வளவு வளர்ந்திருக்காது."

குல் கான் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை வலது பக்கம் வந்து சொன்னான்: "உங்க ஆளு."

பிறகு நடந்தது

மறுநாள் சஜி சார் கூப்பிட்டார்.

"நீ இது முன்பே பறஞ்சிருந்தா நான் அந்த ரெண்டு கம்ப்ளெயின்ட் எழுதுமோ? திமிருன்னு கருதிப்போயி."

"வேலை போயிடும்னு பயம் சார்."

"இப்பவும் போகலாம். முதல்ல காது டாக்டரைப் போய்ப் பாரு."

டாக்டர் திருச்சிக்காரர். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "எலும்பு வளர்ந்திருக்கா சார்?" என்று நானே கேட்டேன்.

"எலும்பா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஜவ்வு கிழிஞ்சு ஓட்டையா இருக்கு. வேகமா கீழ எறங்குனீங்களா? உங்க கடல் வெதுவெதுப்பு ராயப்பன், அதுல எலும்பு வளராது. இனிமே இந்தக் காதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கான்ட்ராக்டில் சஜி சார் கையெழுத்துப் போட்டார். ஆனால் வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டார். எமர்ஜென்சி ட்யூட்டி போனது. எனக்கு அது பிடித்த ட்யூட்டி. இப்போது சி.டி. அறையில் மட்டும் இருக்கிறேன். புதிதாக வருகிற போர்ட்டரிடம் "மூணுலயா, மூணுக்கு அப்புறமா" என்று கேட்கும்போதே, "எனக்கு இந்தப் பக்கம் கேட்காது, காலை அழுத்து" என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவரும் சிரித்ததில்லை. குல் கான் மட்டும் சிரிப்பான்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். எந்தப் பக்கம் கேட்காது என்று கூட நிற்கிறவனிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் அவன் கால் வைப்பான். ஜெனோவா, நாளைக்கு நீ வார்டில் ஆள் தூக்குவாய். உனக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

டாக்டரைப் பார்த்த அந்த வாரம் எனக்கு லீவு வந்த நாளில், காய்ந்த மனிதன் முங்கின குளிர் எப்படியிருக்கும் என்று பார்க்க, விடிந்ததும் அஜ்மான் கடற்கரைக்கு நடந்து போனேன். தை மாதம். இங்கே கடல் அப்போது கையை வைத்தால் சுருக்கென்று இழுக்கும். நடக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் தூரத்தில் இருந்தார்கள். கைலியைத் தூக்கிக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். இடது காதில் பஞ்சை அடைத்து, அந்தக் காது மேலே இருக்கும்படி குனிந்து தலையைச் சாய்த்து, வலது காதை மட்டும் தண்ணீருக்குள் வைத்தேன். குளிர் மண்டைக்குள் குத்தியது. பல் கிட்டிக்கொண்டது. கரைச் சத்தம் எல்லாம் நின்றுபோய், அடியில் மணல் உருளும் சத்தம் மட்டும் வந்தது. தாங்குகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். பிறகு எழுந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ரூமுக்குப் போனேன்.