நாற்காலி வேண்டாம், வேலை தாரும்

சபையாருக்கு என் அன்பின் வணக்கம். இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதலாவதைப் போன வருஷம் ஜூலையில் நம் ஆலயத்தில் நின்று சொன்னேன். அன்று எழுபத்து நான்கு பேர் இருந்தீர்கள். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக வீடு வீடாக மீட்டர் பார்த்துத் திரிந்தவன் நான், எதைக் கண்டாலும் எண்ணிவிடுவேன். எழுபத்து நான்கு பேரும் அல்லேலூயா சொன்னீர்கள். அந்தச் சாட்சி தவறு. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உண்மையில் நடந்ததைச் சொல்லவே நம் சபைப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளின் கை இன்றைக்கும் நடுங்குகிறது. நடை இன்றைக்கும் ஒரு பக்கம் இழுக்கிறது. சுகம் கிடைத்த கதையை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

பெனிட்டா எங்களுக்குக் காலம் கடந்து பிறந்தவள். அவள் பிறந்தபோது எனக்கு ஐம்பத்தொன்று, என் மனைவி கமலத்துக்கு நாற்பத்திரண்டு. பிரசவத்தில் மூச்சுத் திணறல். மூளை முடக்குவாதம் என்றார்கள். வலது கை சொன்னபடி கேட்காது. பேச்சு மெதுவாக, குழறி வரும், பழகாதவர்களுக்குப் புரியாது. ஆனால் புத்தி கூர்மை. இடது கையால் டைப் செய்தே படித்தாள். கணக்குப் பதிவியலில் வகுப்பில் இரண்டாவதாக வந்து பிளஸ் டூ முடித்தாள்.

பள்ளி இருந்தவரை எங்களுக்குக் கவலை தெரியவில்லை. காலையில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் கூட்டி வருவேன். ரிசல்ட் வந்த மறுநாளும் அவள் வழக்கம்போல் குளித்து, தலைசீவி, பவுடர் போட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தாள். போவதற்கு இடம் இல்லை. பத்து மணிவரை அப்படியே இருந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கமலம் அடுப்படியில் நின்று அழுதாள்.

எங்களைப் போன்ற பெற்றோர் வெளியே சொல்லாத ஒரு ஜெபம் உண்டு. எனக்கு ஒரு நாள் முந்தி இவளை எடுத்துக்கொள்ளும் என்பதே அது. அந்த மே மாதம் முழுவதும் நான் அதைத்தான் ஜெபித்தேன். எழுபது வயது, நெஞ்சில் ஸ்டென்ட், கூடப்பிறந்தது ஒன்றும் இல்லாத பிள்ளை. வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் நம் சபை மூப்பர் தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். "பிள்ளைய எங்கிட்ட விடும் வே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இந்தச் சாட்சியை அவரிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். "எழுதும், ஆனா கடைப் பேரப் போட்டுறாதீரும்" என்று மட்டும் சொன்னார்.

கடையில் அவளுக்கு நுழைவாசல் பக்கம், காற்றாடிக்கு நேர் கீழே, மெத்தை போட்ட நாற்காலி. வருகிறவர்களுக்கு மிட்டாய்த் தட்டை நீட்ட வேண்டும். முதல் நாளே கை உதறித் தட்டு கவிழ்ந்தது. பரவாயில்லையம்மா, நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். அதன்பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதே வேலை ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் அவளைப் பார்ப்பார்கள், அண்ணாச்சியின் நல்ல மனதைப் பாராட்டுவார்கள், சிலர் போட்டோ எடுப்பார்கள். சனிக்கிழமைதோறும் சம்பளக் கவர் வந்தது. நான் ஆலயத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் என் மகளுக்கு வேலை கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன்.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல். நான்கு நாள் கடைக்குப் போகவில்லை. சனிக்கிழமை கடைப்பையன் வீட்டுக்கே வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அவள் மெதுவாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எப்பா, நாலு நாளு நான் போகல."

"காய்ச்சல்தானே மக்கா."

"ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கல. ரூவா மட்டும் குறையாம வருது. அப்ப நான் அங்கன என்னப்பா செய்யுதேன்?"

அண்ணாச்சி நல்ல மனதோடு செய்கிறார் என்று நான் இழுத்தேன்.

"கடை வாசல்ல சேலை கட்டி ஒரு பொம்மை நிக்குல்லா. அதுக்காவது வாரத்துக்கு ஒருக்கா சேலை மாத்துதாவ."

இனிமேல் போகமாட்டேன் என்றாள். கமலம் பயந்துபோனாள். "ஆண்டவர் குடுத்ததத் தூக்கி எறிஞ்சா, மறுபடி குடுப்பாராங்க?" என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். இதையும் விட்டால் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? இன்னும் எத்தனை வருஷம் நான் இருப்பேன்? இருந்தாலும் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "நான் என்ன வே கொற வச்சேன்?" என்றார்.

"கொற ஒண்ணும் வைக்கல அண்ணாச்சி. வேலைதான் வைக்கல."

எனக்கே ஆச்சரியம், இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது.

அதன்பிறகு நீங்கள் என்னென்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும். திமிர் என்றீர்கள். நன்றி கெட்ட குடும்பம் என்றீர்கள். கிறிஸ்மஸுக்குள் பதினோரு பேர் வீட்டுக்கு வந்து புத்தி சொன்னீர்கள். அதில் மூன்று பேர், விசுவாசம் இருந்தால் கை என்றைக்கோ சரியாகி இருக்கும் என்று அவள் காதுபடவே சொன்னீர்கள். அவளுக்குப் பேச்சுத்தான் மெதுவாக வரும். காது நன்றாகக் கேட்கும்.

அன்று முதல் என் ஜெபம் மாறியது. கெஞ்சுவதை விட்டுவிட்டேன். வழக்காட ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் புத்தியைக் கொடுத்தது நீர்தானே? நாற்காலியில் உட்கார எதற்குப் புத்தி? மனுஷருடைய இரக்கம் போதும். எனக்கு அது வேண்டாம். அவளுக்கு வேலை தாரும்." காலையும் மாலையும் இதே வழக்கு. ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று கமலம் கேட்டாள். வேறு யாரிடம் போய்ப் பேச?

ஜனவரியில் ஒரு நாள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நூர்ஜகான் டீச்சர் வந்து நின்றார். மாற்றுத்திறனாளி பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். பள்ளியில் பெனிட்டாவுக்கு டைப் செய்யச் சொல்லிக் கொடுத்தவர். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எதுக்கு சார் பிள்ளைய கடையில கொண்டு உக்கார வச்சீங்க?" என்று நின்றபடியே கேட்டார். பிளஸ் டூ முடித்த, முடிக்கப் போகிற ஆறு பிள்ளைகளுக்கு அவர் சனிக்கிழமைதோறும் பள்ளியிலேயே வேலைக்கான பயிற்சி நடத்தி வந்தார். பெற்றோர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அது அவருடைய சட்டம்.

நம் பிள்ளைக்கு உதவ அவர்கள் மதத்து ஆள்தான் கிடைத்தாரா என்று நம்மில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் ஆண்டவரிடம் உதவி கேட்டேனே தவிர, ஆள் பார்த்து அனுப்பும் என்று கேட்கவில்லை. இதுதான் என் பதில்.

டீச்சர் முதலில் பழக்கியது பஸ்ஸில் போய்வருவதை. எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து தனியாக ஏறி, தனியாக இறங்கி, தனியாகத் திரும்ப வேண்டும். பெனிட்டா முதன்முதலாகத் தனியாகப் போன அன்று நான் ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். இரண்டாவது நிறுத்தம் தாண்டும்போது போன் அடித்தது. டீச்சர். "சார், பஸ்ஸுக்குப் பின்னால வாரது யாருன்னு எனக்குத் தெரியும். வண்டியத் திருப்புங்க." திருப்பினேன். வீட்டில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். அவள் திரும்பும்போது வேறு பஸ்ஸில் மாறி ஏறி, இலஞ்சி வரை போய்த் திரும்பி வந்து சேர்ந்தாள். இரண்டாவது முறையும் மாறித்தான் ஏறினாள். மூன்றாவது முறை சரியாக வந்தாள்.

பிறகு இடங்களைக் காட்டினார். இரண்டு கணினி மையம், ஒரு நர்சரித் தோட்டம், ஒரு அச்சகம். ஒவ்வொன்றிலும் மூன்று நாள் இருந்து, இது எனக்கு முடியும், இது முடியாது என்று அவளே சொல்ல வேண்டும். அச்சகம் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தன்னால் ஆகாது என்று சொல்ல அவளுக்குத் தெரியும் என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன்.

ஜூனில் சாரல் தொடங்கும் சமயம். ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜில் ஆள் தேவை என்று டீச்சர் அழைத்துப் போனார். அறை பதிவு செய்கிறவர்களுக்குச் செல்போனில் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மேனேஜர் பிந்து மேடம். புளியறைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். நாங்கள் உட்கார்ந்ததும் பெனிட்டாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"மோளுக்கு கம்ப்யூட்டர் அறியுமா சாரே?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நூர்ஜகான் டீச்சர் என் முழங்கைச் சட்டையைப் பிடித்தார். "வாங்க சார், வெளிய ரம்புட்டான் என்ன விலைன்னு கேப்போம்."

சாலையோரப் பழக்கடை ஓரத்தில் நின்றேன். பத்தொன்பது வருஷமாக அவள் சொல்வதை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னவன் நான்தான். இப்போது உள்ளே அவள் தனியாக இருக்கிறாள். புரியாமல் போனால்? சிரித்துவிட்டால்? ஆண்டவரே, உள்ளே ஓடாதபடி என் காலைக் கட்டும் என்று ஜெபித்தேன். கேரளா கார்களை எண்ணினேன். இருபத்தாறு. லாட்ஜின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், அவள் செல்போனில் டைப் செய்து நீட்டுகிறாள், அந்த அம்மா படித்துவிட்டுச் சிரிக்கிறார்.

என்ன கேட்டார்கள் என்று பஸ்ஸில் விசாரித்தேன். "உங்கப்பா எப்பவும் இப்பிடித்தானான்னு கேட்டாவ. ஆமான்னு போட்டேன்" என்றாள்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அப்போதும் நான் சாட்சி சொல்லவில்லை. ஒருமுறை பட்டவன். இங்கேயும் நாற்காலிதானோ என்ற சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அருவியில் நல்ல தண்ணீர், ஊர் முழுக்கக் கூட்டம். பெனிட்டா ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள். நாகர்கோவில்காரர்கள் ஒரு பக்கம், கொல்லத்துக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் பெட்டிகள், அழுகிற குழந்தை. அன்று வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எல்லாருக்கு முன்னாலயும் மேடம் ஏசிட்டாவ. ரெண்டு தடவ பாக்கணும்னு தெரியாதா, கண்ணு எங்க வச்சிருந்தன்னு கேட்டாவ."

நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கே வரச் சொல்லிருக்காவ. புக்கிங் பூராத்தையும் முதல்ல இருந்து சரிபாக்கணுமாம்."

அப்படியே முழங்காலில் நின்றுவிட்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றேன். கண்ணீர் வந்தது.

"எனக்கு ஏச்சு விழுது, நீங்க ஸ்தோத்திரம் சொல்லுதீங்களா?"

கமலம் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பெனிட்டா எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஏன் ஸ்தோத்திரம் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லுகிறேன். அவள் செய்த தப்பு பிறருக்குத் தப்பாகப் பட்டது. பாவம் என்று யாரும் விட்டுவிடவில்லை. அவளால் கெட்டதை அவளே சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் வழக்காடியது இதற்குத்தான். தீர்ப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவளை ஏன் கூட்டி வரவில்லை என்று பலர் கேட்டீர்கள். சனிக்கிழமை அவளுக்கு டூட்டி. சுகம் வேண்டாமா என்று ஒரு சகோதரி கேட்டார். வேண்டுமானால் அவளே ஆண்டவரிடம் கேட்பாள். அவள் சார்பில் மனு எழுதும் உத்தியோகத்தை நான் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் நம் சபையில் மட்டும் ஐந்து. இரண்டு வீட்டில் அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. உங்களைத்தான் கேட்கிறேன். பள்ளி முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே, இந்தப் பிள்ளை என்ன வேலைக்குப் போகும் என்று கேட்கத் தொடங்குங்கள். பிள்ளையிடம் கேளுங்கள், டீச்சரிடம் கேளுங்கள். ஆண்டவரிடம் சண்டை போட்டுக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை, கேட்டுப் பார்த்தவன் சொல்லுகிறேன். யாராவது நாற்காலி கொடுத்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இதை எழுதும்போது மழை கொட்டுகிறது, இருட்டிவிட்டது, அவள் இன்னும் வரவில்லை. மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். இப்போதுதான் போனில் ஒரு வரி வந்தது: "வேலை இருக்கு. சாப்பிட்டுட்டுப் படுங்க."

கமலத்துக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஆண்டவருக்கு நன்றி.