ஒரு மூட்டை பார்லிக்குப் போனவள்

பாலைவன ஓரத்துக் கரக் கோட்டையின் அடுப்புகளில் ரொட்டி சுட்டவள் ஹில்வா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவன் சலாமா கோட்டைச் சுவரில் வில்லாளி. சிலுவை தைத்த அங்கியோடு கடல் தாண்டி வந்த பிராங்குகளின் கோட்டைதான் அது. ஆனால் அங்கே அம்பு எய்யவும் மாவு பிசையவும் எங்களைப் போன்ற உள்ளூர்க் கிறிஸ்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள்.

பிராங்குகளை விரட்ட வந்த முஸ்லிம் சுல்தானின் படை கோட்டையைச் சூழ்ந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. முதலில் கோதுமை தீர்ந்தது, பிறகு குதிரைகள். அடுப்பு அணைந்த பின்னும் ஹில்வாவால் உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மகள் வர்தா பசிக்கு அழுவதைக்கூட நிறுத்தியிருந்தாள். அதுதான் ஹில்வாவைப் பயமுறுத்தியது.

வெளியே முகாமில் தானியத்துக்குப் பெண்களை வாங்குகிறார்கள் என்று பேச்சு வந்தது. சிலர் போயும் விட்டார்கள்.

"என்னை அனுப்பிடுங்க," என்றாள் ஹில்வா. "புள்ளையாவது பொழைக்கட்டும்."

 "எப்போ?" என்று மட்டும் கேட்டான் சலாமா.

கோட்டை வாசலில், முகாமிலிருந்து வந்த ஃபயாத் என்ற வியாபாரி அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு மூட்டை பார்லியா? என் கழுதையே இதைவிடக் கொழுத்திருக்கு."

"அப்போ கழுதைய ரொட்டி சுடச் சொல்லு," என்றாள் ஹில்வா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபயாத் மூட்டையை இறக்கினான். சலாமா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமில் சிப்பாய்களுக்கு ரொட்டி சுட்டாள். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கவண்பொறி எறிந்த கல் சுவரில் மோதும் சத்தம் கேட்டால் மாவுக் கையோடு ஓடி வருவாள்.

"எங்க விழுந்துச்சு? எந்தப் பக்கம்?"

சிப்பாய்கள் அவளைப் பைத்தியம் என்றார்கள்.

குளிர்காலத்துக்கு முன் கோட்டை பணிந்தது. பிராங்குகள் கடற்கரைப் பக்கம் போனார்கள். விற்கப்பட்ட பெண்களை மீட்டுக் குடும்பத்திடம் சேர்க்கும்படி சுல்தானிடமிருந்து உத்தரவு வந்தது. ஹில்வா வீடு திரும்பினாள். வர்தா உயிரோடு இருந்தாள். தாயை அடையாளம் தெரியாமல் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதன் பிறகு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் சாப்பிடும்போதே பாதியில் எழுந்து நடப்பாள் ஹில்வா. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"போறேன்னு சொன்னது நான்தான். ஒருவாட்டியாவது வேணாம்னு சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா நீ நின்னிருப்ப," என்றான் சலாமா. "நீ நின்னிருந்தா இவ இன்னைக்கு இருந்திருக்க மாட்டா. அந்தப் பயத்துலதான் வாயே தொறக்கல."

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது, மனம்தான் ஆறவில்லை. கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் சலாமாவும் வர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். ஹில்வா அவர்களைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அவர்களுக்காக நிற்கவும் இல்லை.

மூவரும் அப்படி நடப்பதை நாங்கள் வருஷக்கணக்கில் பார்த்தோம்.